நாத்தனார் மிச்சம் வைத்த பாப்கார்ன்

அந்த வாரப் பத்திரிகையில் சினிமா எழுத இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெரிய விமர்சகர். படம் பார்க்கும்போது அவர் நாற்காலியில் சாய மாட்டார். கீழே விழுந்த சட்டைப் பொத்தானைத் தேடுகிறவர் போல முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பார். விருது வாங்கிய படம், வாங்கப்போகிற படம், வாங்காமல் ஏமாந்த படம் எல்லாம் அவருக்கு. அவர் வேண்டாம் என்று கையால் தள்ளியவை இரண்டே வகை. குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற கார்ட்டூன் படங்கள் ஒன்று. பழைய பேய்ப் படங்களைத் தூசி தட்டித் திரும்ப எடுக்கிற ரீமேக்குகள் இன்னொன்று.

"பேசற முயலையும், ஏற்கெனவே செத்த பேய மறுபடி சாகடிக்கறதையும் பாக்க நான் இந்தத் தொழிலுக்கு வரல" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டார்.

தள்ளப்பட்ட இரண்டும் உருண்டு வந்து நின்ற இடம் கமாவின் மேசை.

கமா அங்கே பிழை திருத்துகிறவள். யார் எழுதிக் கொடுத்தாலும் நாலு இடத்தில் கமா போட்டுத்தான் திருப்பித் தருவாள். நிற்கும்போதும் தலையைக் குனிந்து, தோளைச் சுருக்கி, வளைந்துதான் நிற்பாள். இரண்டையும் சேர்த்து யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அவள் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை.

அவளுக்கு விமர்சகராக இருக்க எல்லாத் தகுதியும் இருந்தது, ஒன்றைத் தவிர. அவளுக்கு எந்தப் படமும் பிடிக்காமல் போனதில்லை. ஓட்டைத் தொலைத்துவிட்டுத் தேடி அலையும் நத்தையின் படத்தில் பத்தாவது நிமிடமே கைக்குட்டை பிழியும் நிலைக்கு வந்துவிட்டது. பேய் வந்தால் பயந்தாள். வராவிட்டால், வந்துவிடுமோ என்று பயந்தாள். முதல் மாதம் பார்த்த நாலு படத்துக்கும் ஐந்து ஐந்து நட்சத்திரம் போட்டாள். ஐந்தாவது படத்துக்கும் ஐந்து போட்டுத் தாளை மேசையில் வைத்தபோது, ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது விமர்சனமா, பிறந்தநாள் வாழ்த்தாம்மா?"

"படம் நல்லா இருந்துச்சு சார்."

"போன வாரமும் நல்லா இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும் நல்லா இருந்துச்சு. குழாய மூட மறந்த மாதிரி நட்சத்திரம் கொட்டிட்டே இருக்கே. இன்னும் ஒரு தடவ அஞ்சு வந்துச்சுன்னா, அந்தக் கட்டத்துல குறுக்கெழுத்துப் போட்டுருவேன்."

பதின்மூன்று வருடமாக அவள் மற்றவர்கள் வாக்கியத்துக்கு ஒற்றுப் போட்டவள். பதினோராம் பக்கத்தின் மூலையில் இருந்த அந்த மூன்று விரல் அகலக் கட்டத்தில்தான் அவளுடைய சொந்த வாக்கியம் முதல்முதலாக அச்சேறியது. வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் அதை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். விரலில் மை ஒட்டும். மத்தியானச் சாப்பாடு வரை கை கழுவ மனசு வராது. அந்தக் கட்டம் போனால் அவளிடம் வேறு எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. புருஷன் இருக்கிறார், வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. ஆனால் அதெல்லாம் கட்டம் இல்லையே.

அப்போதுதான் நாத்தனார் கை கொடுத்தாள். சரியாகச் சொன்னால், நாத்தனாருக்கே தெரியாமல் அவள் கையைக் கமா எடுத்துக்கொண்டாள்.

முன்னோட்டக் காட்சிக்குத் தியேட்டர்காரர்கள் அனுப்பும் அனுமதிச் சீட்டில் இரண்டு பேர் போகலாம். ஆளுக்கு ஒரு டப்பா பாப்கார்ன் உண்டு. கமாவின் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். முதல் படத்துக்குக் கூடப் போனவர் பெயர் போடும்போதே குறட்டை விட்டார். "இருட்டு, ஏசி, மெத்து மெத்துன்னு சீட்டு. என்னைத் தூங்க வைக்க எதுக்கு இவ்வளவு பாடுபடறாங்க" என்று கேட்டுவிட்டு அத்தோடு நின்றுகொண்டார். அவருக்குப் பதிலாக அவருடைய அக்கா வர ஆரம்பித்தாள்.

நாத்தனார், தன் வீட்டில் குழாய் வெடித்தபோது இரண்டு வாரம் தங்குகிறேன் என்று வந்தவள். குழாயை நாலே நாளில் சரிசெய்துவிட்டார்கள். அவள் வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பட்டையில் ஓடிக்கொண்டே இருக்கும் பிஸ்கட்டில் ஓரம் போனது, கீறல் விழுந்தது, கருகினது என்று பார்த்துப் பொறுக்கி எறிவதுதான் வேலை. வேலை ஓய்ந்தது, கண் ஓயவில்லை. எதிர்வீட்டுத் திரைச்சீலை முதல் செய்தி வாசிக்கிறவரின் காலர் வரை எல்லாவற்றிலும் அவளுக்கு ஓரம் போனது மட்டும்தான் தெரியும். படத்திலும் அப்படித்தான்.

"முயலுக்கு அம்மா செத்துட்டா, சரி. அப்பன் எங்க போனான்? அவனுக்கு இன்னும் ஷிப்ட் முடியலையா?" என்பாள், பக்கத்து சீட்டுக் குழந்தைகள் விசும்பிக்கொண்டிருக்கும்போது.

பேய்ப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். "ஊரே பேய் வீடுங்குது. வாட்ச்மேன் நடுங்கறான். நாய் உள்ள வர மாட்டேங்குது. இந்தப் புத்திசாலி மட்டும் ஜன்னல் பெருசா இருக்குன்னு குடி வர்றான். இவனப் பேய் புடிக்கலைன்னாதான் எனக்குக் கோவம் வரும்."

தியேட்டரின் பாப்கார்ன் டப்பாவைச் சுற்றி அடியிலிருந்து மேல்வரை ஐந்து சிவப்புக் கோடுகள் இருந்தன. ஒருநாள் படம் முடிந்து வெளியே வரும்போது நாத்தனார் டப்பாவில் மூன்றாம் கோடு வரை மிச்சம் இருப்பதைக் கமா பார்த்தாள். படம் சுமார்தான் என்று வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் தியேட்டரே கைதட்டிய படத்தில் டப்பா நாலாம் கோட்டில் நின்றது. அதற்கடுத்து வந்த பேய் ரீமேக்கில் இடைவேளைக்கு முன்பே டப்பா காலி. கமாவின் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. நல்ல படத்தில் கை வாய்க்குப் போக மறந்துவிடுகிறது. மோசமான படத்தில் வாய்க்கு வேறு வேலை இல்லை. கோடு ஐந்து, நட்சத்திரமும் ஐந்து. கடவுளே அளவு போட்டுக் கொடுத்ததைப் போல இருந்தது.

அன்று முதல், "குடுங்க அண்ணி, நான் குப்பையில போட்டுடறேன்" என்று டப்பாவை மரியாதையாக வாங்கிக்கொண்டு, பெண்கள் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டு, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்ப்பாள். கோட்டுக்கு நடுவில் நின்றால் அரை. வெளியே வந்து கை கழுவும்போது மதிப்பெண் முடிவாகியிருக்கும். நட்சத்திரம் டப்பாவுடையது, குத்தல் நாத்தனாருடையது, இடையிடையே கமா போட்டது மட்டும்தான் தன் வேலை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருடத்தில் கட்டத்துக்குப் பெயர் வந்துவிட்டது. 'கமா மூணு போட்டா மூணுதான்' என்று ஒரு வாசகி கடிதம் எழுதினாள். இரண்டு பிள்ளைக்காரி ஒருத்தி வாராவாரம் கட்டத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருப்பதைக் கமாவின் கணவரே ஒரு வீட்டில் கேஸ் ஏற்றப் போனபோது பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதைவிட, அந்த ஃபிரிட்ஜின் ரப்பர் போய்விட்டது என்பதைத்தான் விரிவாகச் சொன்னார்.

இந்த நேரத்தில் பத்திரிகை இளைத்தது. பதினாறு பக்கம் பன்னிரண்டாகும் என்று அறிவித்தார்கள். ஆசிரியர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சினிமாவுக்கு இனிமே ஒரு பக்கம்தான். ஒரு கைதான். பெரியவரா, நீயான்னு இந்த மாசக் கடைசியில முடிவு பண்ணுவேன். வாசகர் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுதான் பண்ணுவேன்."

பெரிய விமர்சகர் கமாவைப் பார்த்துப் புன்னகை செய்தார். பல் டாக்டர் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு செய்கிற புன்னகை அது.

அந்த வாரம் வந்த படம் 'மீண்டும் அலமாரிக்குள் ஆள்'. முப்பது வருடத்துக்கு முன் 'அலமாரிக்குள் ஆள்' என்று வந்து ஊரையே உலுக்கிய படத்தின் மூன்றாவது ரீமேக். மூலப்படத்தில் பேய் அலமாரியில் இருந்தது. இதில் காலத்துக்குத் தக்கபடி வாஷிங் மெஷினில் இருந்தது. ஆனாலும் பெயரை மாற்ற மனமில்லை போலும்.

படம் தொடங்கி அரை மணியில் கமாவுக்கு விசித்திரமான ஒன்று நடந்தது. அவளுக்குப் படம் பிடிக்கவில்லை. பேய் வரப்போகிறது என்று இசை ஐந்து நிமிடம் முன்னாலேயே தந்தி அடித்துவிடுகிறது. வந்த பேயோ, துவைத்து உலர்த்தாத போர்வை மாதிரி தொங்கிக்கொண்டு நிற்கிறது. பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை. எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்ப் பக்கத்தில் திரும்பினாள்.

நாத்தனார் சிலையாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கன்னத்தில். கண்ணோரம் ஈரம். ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷின் கதவு தானாகத் திறக்கும் காட்சியில் குளிர்பானக் கோப்பையை எடுத்துக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு 'ம்ம்' என்று ஒரு முனகல் முனகினாள். இருபத்திரண்டு வருடம் பிஸ்கட்டைப் பார்த்த கண்கள் இறுக மூடிக்கொண்டன.

கழிவறையில் கமா டப்பாவைத் திறந்தாள். ஐந்தாம் கோட்டுக்கு மேல் குவியலாக, வாங்கினபடியே இருந்தது. ஒரு பொரிகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

டப்பா பெரிதா, தான் பெரிதா என்று அவள் யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒன்றரை வருடமாக டப்பா தவறியதில்லை. இவள் தவறாத நாளே இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்டாள். 'கன்னத்தில் கை வைத்து உறையச் செய்யும் பயங்கரம். கல்நெஞ்சும் முனகும்' என்று எழுதினாள். எழுதும்போது பேனா அடிக்கடி நின்றது. மை தீர்ந்துவிட்டதென்று பேனாவை மாற்றினாள்.

ஒன்றரை வருடத்தில் கமா முதன்முதலாக ஐந்து போட்ட செய்தி கேட்டுப் படக்காரர்கள் நகரெங்கும் சுவரொட்டி அடித்தார்கள். கூட்டம் குவிந்தது. சனிக்கிழமை போனது, ஞாயிற்றுக்கிழமை கோபத்தோடு திரும்பி வந்தது. திங்கட்கிழமை அலுவலகத் தொலைபேசி வாயை மூடவில்லை.

"எம் புருஷன் தியேட்டர்ல தூங்கிட்டாரு. அவர் விட்ட கொறட்டதான் படத்துலயே பயமா இருந்துச்சு" என்றாள் ஒருத்தி.

"அந்த மெஷின் எந்தக் கம்பெனின்னு கேட்டுச் சொல்லுங்க. படத்துல இருபது வருஷமா ரிப்பேரே இல்லாம ஓடுதே" என்றார் ஒருவர்.

ஃபிரிட்ஜில் ஒட்டும் பிள்ளைக்காரியும் பேசினாள். அவள் கத்தவில்லை. "உங்களுக்கு ஏதாச்சும் உடம்பு சரியில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டாள். கமாவுக்கு மற்றவர்கள் திட்டியதைவிட அதுதான் சுட்டது.

பெரிய விமர்சகர் கையில் தேநீரோடு அவள் மேசையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார். கொஞ்ச தூரம் போய், "நீ யானைன்னு சொல்ல வரல" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ அந்தப் படத்தப் பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் டப்பாவைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா.

"புதன்கிழம ஒரு கார்ட்டூன் படம் இருக்கு. அத ஒழுங்கா எழுது. இதுவும் சொதப்பினா பக்கம் பெரியவருக்கு. நான் பேச ஒண்ணுமில்ல."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூவரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் ரொட்டியைப் பாலில் போட்டு, அது கரையும்வரை கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள். தம்பி அதையே பார்த்தார்.

"அக்கா, காஞ்ச ரொட்டியையே கடக்கு முடக்குன்னு கடிக்கறவ நீ. இப்ப என்ன கஞ்சி காய்ச்சற?"

"வயசாச்சுடா."

"போன வாரம் ஆகலையே."

"இந்த வாரம் ஆச்சு."

"வாயத் தொற." அவர் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

"நீ ஃபிரிட்ஜ் பாக்கறவன். என் வாய் என்ன ஃபிரிட்ஜா?"

"எப்பவும் தொறந்தே இருக்கும். திடீர்னு மூடியிருந்தா மெக்கானிக் சந்தேகப்படத்தான் செய்வான்."

நாத்தனார் முறைத்தாள். முறைத்தபோது தாடை அசைந்தது. தாடை அசைந்ததும் அந்த முனகல் வந்தது. கமா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த முனகலை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள்.

"அண்ணி, எத்தன நாளா பல்வலி?"

"வலியெல்லாம் இல்ல. லேசா ஒரு இது."

"எத்தன நாளா?"

"பத்து நாள் இருக்கும். டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. அந்த ஆளு சுத்தியலோட வருவான்."

"பத்து நாளா? அப்ப அந்த வாஷிங் மெஷின் படம்..."

"அத ஏன் கேக்கற. ஒரு பொரிய வாயில வெச்சேன், உயிர் உச்சந்தலைக்குப் போயிடுச்சு. படம் என்ன ஓடுச்சுன்னே எனக்குத் தெரியாது. ஏசிக் காத்து வேற நேரா பல்லுலயே வந்து விழுது."

கமா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் நாத்தனாரிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் வழக்கமாக வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடுகிறவள், நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.

"பல்லு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி, உங்க பல்லால என் பக்கமே போகப்போகுது, நான் உங்க டப்பாவ வெச்சுதான் நட்சத்திரம் போடறேன், ஒன்றரை வருஷமா அப்படித்தான் போடறேன், நீங்க மிச்சம் வெச்சா நல்ல படம், காலி பண்ணா மோசம், அஞ்சு கோடு அஞ்சு நட்சத்திரம், நான் கக்கூஸ்ல வெச்சுப் பாத்து..."

சட்டென்று நின்றாள்.

"என் டப்பாவ", நாத்தனார் மெதுவாகக் கேட்டாள், "கக்கூஸ்ல வெச்சுப் பாத்தியா?"

"ஆமா அண்ணி."

"ஒன்றரை வருஷமா?"

"ஆமா."

நாத்தனார் கரண்டியைப் பாலில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். "குட்டி யானைப் படத்துக்கு எத்தன போட்ட?"

"ரெண்டு."

"அடிப்பாவி. நான் பாத்ததுலயே நல்ல படம் அதுதான். அன்னிக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம ஓடி வந்தேன். பசியில தின்னுட்டேன்."

கமா நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாழடைஞ்ச ஆஸ்பத்திரிப் பேய்? அதுல நாலாம் கோடு வரைக்கும் இருந்துச்சே."

"ஒரே உப்பு. வாயில வெக்க முடியல."

"நரிக்குட்டி படம்? அதுலயும் நாலு."

"கருகிப்போன பொரிடி அது. நான் தொழிற்சாலையில இருந்திருந்தா அந்தச் சட்டியையே தூக்கி எறிஞ்சிருப்பேன்."

தம்பி டார்ச்சை அணைத்தார். "அப்போ ஒன்றரை வருஷமா இந்த ஊரு உப்பப் பாத்துதான் சினிமாவுக்குப் போயிருக்கு."

"ஆனா எல்லாரும் சரியா இருக்குன்னாங்களே" என்றாள் கமா, யாரையும் பார்க்காமல்.

"நட்சத்திரத்த யாரு பாத்தா? நான் பாத்ததே இல்ல. அடியில எழுதியிருக்கற ஆறு வரியப் படிப்பேன்" என்றாள் நாத்தனார். "யானைப் படத்துல அம்மாவோட கால் சந்துல குட்டி ஒளிஞ்சுகிட்டு எட்டிப் பாக்கும்ல, அத அப்படியே எழுதியிருந்த. படிச்சதும் மறுபடி போய்ப் பாக்கலாம் போல இருந்துச்சு. ரெண்டு போட்டவ எழுதின மாதிரியா இருந்துச்சு அது? அச்சுல தப்பு விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். பிழ திருத்தறவ வீட்டுலயே அச்சுப்பிழயான்னு கேக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீ வருத்தப்படுவன்னு விட்டுட்டேன்."

"வாஷிங் மெஷின் படத்துக்கு எழுதினதப் படிச்சீங்களா?"

"படிச்சேன். யாரோ பல்வலிக்காரி எழுதின மாதிரி இருந்துச்சு."

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் படம். பல் டாக்டர் கொடுத்த நேரமும் பதினோரு மணிதான். தம்பி அக்காவை லிஃப்டில் ஏற்றுவதற்குள் அவள் மூன்று முறை வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பினாள். கமா தனியாகத் தியேட்டருக்குப் போனாள். கொடுத்த இரண்டு டப்பாவையும் வாங்கி, ஒன்றைப் பக்கத்துக் காலி இருக்கையில் வைத்தாள். பிறகு அது தன்னையே பார்ப்பது போல இருந்ததால், பின்வரிசையில் இருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

படம் ஒரு குடையைப் பற்றியது. பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள்களை வைக்கும் அறையில் ஒரு சின்ன மஞ்சள் குடை, தன்னை மறந்து வைத்துவிட்டுப் போன பெண்குழந்தை வருவாள் என்று காத்திருக்கிறது. கமாவுக்கு அழுகை வந்தது. வரும் என்று தெரிந்ததுதான். ஆனால் இம்முறை அழுதுகொண்டே கவனித்தாள். எந்த இடத்தில் அழுகை தானாக வந்தது, எந்த இடத்தில் வயலின் வந்து பிடுங்கிக்கொண்டு போனது என்று இருட்டில் கையில் கோடு கோடாகக் குறித்தாள். நடுவில் குடைகள் எல்லாம் சேர்ந்து ஆடிய பாட்டில் தன் கண் கூரை விளக்குகளை எண்ணிக்கொண்டிருப்பதைத் தானே கையும் களவுமாகப் பிடித்தாள். பதினாறு விளக்குகள். கைக்கெட்டும் தூரத்தில் கருத்துச் சொல்ல யாருமில்லை. பயமாகத்தான் இருந்தது. வாஷிங் மெஷின் பேயைவிடப் பயமாக இருந்தது.

வெளியே வந்தபோது கணவர் போனில் கூப்பிட்டார்.

"புடுங்கியாச்சு. அக்கா நல்லா இருக்கா. டாக்டர்தான் கொஞ்சம் படுத்திருக்காரு. அக்கா அவரோட கருவியெல்லாம் எடுத்து வெளிச்சத்துல பாத்து, ரெண்டு ஓரம் போயிருக்குன்னு தனியா எடுத்து வெச்சுட்டா."

அலுவலகம் திரும்பி, கமா எழுதினாள். மூன்று நட்சத்திரம் போட்டாள். 'குடை காத்திருக்கும்போது நாமும் காத்திருக்கிறோம். குடை ஆடும்போது நாம் கூரையைப் பார்க்கிறோம். நாலு பாட்டில் மூன்று அதிகம். கடைசியில் அந்தப் பெண் வளர்ந்து வந்து, தலைக்குப் போதாத குடையை விரித்து, தன் கைப்பைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் நடக்கிறாள். அந்த ஒரு நிமிடத்துக்காகப் போகலாம். கைக்குட்டை ஒன்று போதும்.' எழுதி முடித்துப் படித்தாள். திருத்த எதுவும் இல்லை. அதுவே சந்தேகமாக இருந்ததால் ஒரு கமாவை எடுத்துவிட்டாள்.

ஆனால் அது போதாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டும் பிள்ளைக்காரி கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. நாலு பேரிடம் சொல்லாமல் பேனாவை மாற்றிக்கொண்டு போனால், அடுத்த வாரமும் யாரோ ஒருவருடைய டப்பாவைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அந்தப் பத்திரிகையில் வாராவாரம் ஒரு பெட்டி வரும். படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் தலைவர் அல்ல, அவருடைய ஓட்டுநர். எலுமிச்சைச் சாற்றுக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி, இருபது அல்ல. இப்படிப் போன இதழின் தவறுகளை ஒப்புக்கொள்ளும் பெட்டி. அதை எழுதுவது கமாவின் வேலை. அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் எழுத வரும் ஒரே நடை அது. பழைய படங்களை மனசுக்குள் ஒருமுறை தன் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, தாளை இழுத்து எழுதினாள்.

'பிழை திருத்தம். சென்ற இதழில் "மீண்டும் அலமாரிக்குள் ஆள்" படத்துக்கு ஐந்து நட்சத்திரம் என்று வெளியானது தவறு. ஒன்று என்று படிக்கவும். விமர்சகருக்குப் படம் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை அவர் நம்பாமல், அருகிலிருந்தவரை நம்பினார். அருகிலிருந்தவருக்குப் பல்வலி. "கல்நெஞ்சும் முனகும்" என்ற வாக்கியத்தை முழுவதும் நீக்கிவிடவும். இதே காரணத்தால், குட்டி யானைப் படம்: இரண்டு என்பதை நாலரை என்றும், பாழடைந்த மருத்துவமனைப் படம்: நாலு என்பதை ஒன்றரை என்றும், நரிக்குட்டி படம்: நாலு என்பதை இரண்டு என்றும் திருத்திக்கொள்ளவும். ஆரம்பத்தில் வந்த ஐந்து ஐந்துகளை விமர்சகர் திருத்த மறுக்கிறார். அந்த நத்தையைப் பார்த்தால் நீங்களும் மறுப்பீர்கள்.'

ஆசிரியர் இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, மூன்றாவது முறை படித்தார்.

"முப்பது வருஷமா பத்திரிகையில இருக்கேன். ஒருத்தர் பேரத் தப்பாப் போட்டாத் திருத்தியிருக்கோம். கருத்தத் திருத்தி நான் பாத்ததில்ல. இதப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"பக்கம் போயிடும் சார்."

"தெரிஞ்சே குடுக்கறியா?"

"போட்ட தப்பத் திருத்தாம வெளிய விடறது எனக்குப் பழக்கமில்ல சார்" என்றாள் கமா. சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய், இழுப்பறையிலிருந்த தன் கட்டங்களை எல்லாம் எடுத்து ஒரு உறையில் போட்டு வைத்தாள். காலி செய்யச் சொன்னால் தாமதமாகக் கூடாது.

வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. காலை முழுதும் தொலைபேசி பேசாமல் இருந்தது. கமா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பத்தரைக்கு முதல் மணி அடித்தது.

"அந்தப் பல்வலி அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஒருவர் தான் மூன்று வருடத்துக்கு முன் நண்பரின் குறும்படத்தைப் பிரமாதம் என்று சொன்னதைத் திருத்திக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். ஒருத்தி, நிச்சயம் செய்யப் போனபோது மாப்பிள்ளையைப் பற்றித் தான் சொன்ன கருத்தையும் பெட்டியில் போடுவார்களா என்று விசாரித்தாள். ஃபிரிட்ஜில் ஒட்டும் பிள்ளைக்காரி குட்டி யானைப் படம் இன்னும் எந்தத் தியேட்டரிலாவது ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடவில்லை என்று கமா சொன்னாள். "பரவால்ல, நீங்க எழுதின ஆறு வரி இருக்கு. அத வெச்சு நானே கதையாச் சொல்லிக்கறேன்" என்றாள் அவள்.

மத்தியானம் ஆசிரியர் எழுந்து வந்து கமாவின் மேசை முன்னால் நின்றார். இத்தனை வருடத்தில் அவர் அத்தனை தூரம் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"பக்கம் உங்கிட்டயே இருக்கட்டும். பெரியவரும் அதுலயே எழுதட்டும். அவர் எழுதறத நீ பாத்து விடு. அந்தப் பெட்டிய மட்டும் கொஞ்சம் பெருசாக்கு."

கமா தலையாட்டினாள். உறையைத் திறந்து கட்டங்களை மறுபடி இழுப்பறைக்குள் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் ஒரு நிழல் விழுந்தது. பெரிய விமர்சகர். கையில் மடித்த தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாளை அவள் முன்னால் நகர்த்தினார்.

"பெட்டியில இடம் இருக்கான்னு பாரும்மா. சின்னதுதான்."

கமா பிரித்துப் படித்தாள். பதினோரு வருடத்துக்கு முன் பெரிய விருது வாங்கிய ஐந்து மணி நேரப் படம் ஒன்றுக்கு 'மௌனத்தின் சிகரம்' என்று அவர் எழுதியிருந்தாராம். 'அப்படத்தின்போது விமர்சகர் சற்றே கண்ணயர்ந்தார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்றிருந்தது.

"எவ்வளவு நேரம் சார் கண்ணயர்ந்தீங்க?"

"இருக்கும், ரெண்டாவது மணி முடிஞ்சதுலேந்து."

"மூணு மணி நேரத்துக்கு 'சற்றே' சரியா வருமா சார்?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "அடிச்சுடு."

கமா அடித்தாள். ஒரு கமாவைப் போட்டாள். தாளைத் தட்டில் வைத்தாள். அவர் நகரவில்லை.

"வேற இருக்கா சார்?"

பெரிய விமர்சகர் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.

"அகர வரிசையில சொல்லட்டுமா, இல்ல வருஷ வரிசையில சொல்லட்டுமா?" என்று கேட்டார்.